புதுப்பிப்பு: வேலூர் லாட்ஜ், ஆட்டோ, மருந்துக்கடை ஊழியர்களுக்கான பயிற்சியில் எது பலித்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளம், ஜார்கண்ட், வடகிழக்கு, வங்கதேசத்திலிருந்து வருபவர்களிடம் காந்தி ரோடு பக்கத்து ஊழியர்கள் எப்படி நடந்துகொள்வது என்று பயிற்சி தர வழி கேட்டிருந்தேன்.

இந்தி வகுப்பு எடுபடவில்லை. நம்மவர்கள் பலர் ஏற்கெனவே இந்தியும் வங்காளமும் வெளுத்துக் கட்டுகிறார்கள். கடைப் பலகையிலேயே வங்காள எழுத்து இருக்கிறது. படக் குறிப்பு மருந்துக்கடையில் மட்டும் உதவியது: மாத்திரை உறையில் சூரியன், நிலா ஸ்டிக்கர்.

பலித்தது, "நோயாளியோடு வந்தவர்களையே பேச வையுங்கள்" என்ற யோசனைதான். மேற்கு வங்க மால்டாவிலிருந்து வந்த ஓர் அம்மா, கீமோ முடிந்தால் கணவருக்கு வெளிச்சாப்பாடு இறங்காது, கடுகெண்ணெயில் பொரித்த மீன் இருந்தால்தான் இரண்டு வாய் சோறு உள்ளே போகும் என்றார். சமைத்தால் கதவைத் தட்டி 'நாத்தம்' என்கிறார்களாம். கேட்டுக்கொண்டிருந்த மேனேஜர் ஒருவருக்கு முகமே மாறிவிட்டது. இப்போது அவர் லாட்ஜ் மொட்டைமாடியில் தனியாகச் சமைக்க இடம், ஸ்டவ் எல்லாம் உண்டு. (வாடகையை மட்டும் விடவில்லை மனுஷன்!)

எதிர்பாராதது வேறு. ஜவ்வாது மலையிலிருந்து மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்துக்காரர்கள் இல்லை, இந்த மலைவாசிகளின் பெயர் அது) சிலரும் வந்திருந்தார்கள். பேசுவது தமிழ்தான். ஆனால் கொல்கத்தாக்காரருக்கு 'சார்', தங்களுக்கு ஒருமையும் 'ரூம் இல்லை'யும்தான் என்றார் ஒரு பெரியவர். யாரும் மறுக்கவில்லை. அடுத்த பயிற்சி அதற்காகத்தான். ஒடுகத்தூர், ஜமுனாமரத்தூர் பக்கமிருந்து வந்து பேசக்கூடிய ஆட்கள் தெரிந்தால் சொல்லுங்கள்.