ஹீட்டர் ப்ளக் கொதிக்கிறது, அவசரம் (ஊட்டி)

குறிஞ்சிவாசி: இரவில் ஹீட்டர் போட்டால் ப்ளக்கைத் தொட முடியவில்லை. நேற்று பிளாஸ்டிக் கருகும் வாசனையும் வந்தது. ஹீட்டர் புதியது. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, குளிர் தாங்கமாட்டார். என்ன செய்வது?

பைக்காரா: எத்தனை வாட்? சுவரில் நேராகவா, எக்ஸ்டென்ஷன் பெட்டியிலா?

தேயிலைக்காடு: வோல்டேஜ் கோளாறுதான். மாலையானால் எங்கள் பக்கம் இறங்கிவிடும். ஸ்டெபிலைசர் வாங்குங்கள்.

மின்பணி மூத்தவன்: ஒவ்வொரு டிசம்பரிலும் இதையே எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை. வோல்டேஜ் இறங்கினால் ஹீட்டர் இழுக்கும் கரண்டும் குறையும் தம்பி, இது பள்ளிப் பாடம். முதலில் வாட் சொல்லுங்கள்.

குறிஞ்சிவாசி: 2000 வாட். எக்ஸ்டென்ஷன் பெட்டிதான். டிவியும் அதில்தான்.

மின்பணி மூத்தவன்: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். 2000ஐ 230ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8.7 ஆம்பியர். சின்ன சாக்கெட் 6 ஆம்பியருக்கானது. பெட்டியைக் கழற்றி எறியுங்கள். 16 ஆம்பியர் சாக்கெட், அதற்குத் தனி வயர், தனி எம்சிபி (கரண்ட் அளவுக்கு மீறினால் தானே அணையும் சுவிட்ச்). அதுவரை ஹீட்டரைத் தொடாதீர்கள்.

நீலமலையான்: எதற்கு இந்தச் செலவு? இரும்புச் சட்டியில் கரி போட்டு அறைக்குள் வையுங்கள். எங்கள் தாத்தா காலமெல்லாம் அப்படித்தான் குளிர் காய்ந்தார்.

செவிலி_குன்னூர்: ஐயா, தயவுசெய்து வேண்டாம். கரி புகையில்லாமல் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தைப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், பிறகு மயக்கம். தூங்குகிறவர் அதையும் உணராமலே போய்விடுவார். கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துத் தூங்கிய சுற்றுலாப் பயணிகள் இறந்திருக்கிறார்கள்.

நீலமலையான்: அப்படியானால் தாத்தா எப்படிப் பிழைத்தார்?

செவிலி_குன்னூர்: ஓட்டு வீடு, கதவெல்லாம் இடுக்கு, காற்று ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இப்போது கான்கிரீட் கூரை, இறுக மூடும் கண்ணாடி ஜன்னல்.

தேயிலைக்காடு: வெள்ளைக்காரர் பங்களாக்களில் கணப்பு எரியவில்லையா?

பைக்காரா: அதற்குப் புகைபோக்கி உண்டு. பறவை கூடு கட்டி அது அடைத்திருந்தால் அங்கும் இதே கதிதான்.

நீலமலையான்: ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும்.

செவிலி_குன்னூர்: போதாது. எவ்வளவு திறந்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடு இரவில் குளிர் தாங்காமல் அதையும் மூடிவிடுவார்கள்.

குறிஞ்சிவாசி: எலக்ட்ரீசியன் வந்து தனி வயர் இழுத்துவிட்டார். பழைய பெட்டியைப் பிரித்தோம். உள்ளே பித்தளைத் தகடு கருநீலமாகி, சுற்றிலும் பிளாஸ்டிக் மெழுகாக ஒழுகியிருந்தது. இப்போது ப்ளக் சூடாகவில்லை. அனைவருக்கும் நன்றி.

பைக்காரா: நல்லது. அம்மாவின் கட்டிலுக்கும் ஹீட்டருக்கும் மூன்றடி இடைவெளி இருக்கிறதா? கம்பளி அதன் பக்கம் தொங்குகிறதா? ஈரத்துணியை அதன்மேல் காயப்போடும் பழக்கம் உண்டா?

பைக்காரா: குறிஞ்சிவாசி, இருக்கிறீர்களா?