பாண்ட் அமேசான் கைக்குப் போனபின் ஃபிளெமிங் நாவலைத் தமிழில் கொண்டுவரலாமா?

பழையபேப்பர்:
ஜேம்ஸ் பாண்ட் மொத்தமாக அமேசானுக்குப் போய்விட்டது என்கிறார்கள். அப்படியென்றால் இயான் ஃபிளெமிங்கின் நாவல்களும் அவர்களுடையதா? ‘கோல்டுஃபிங்கர்’, ‘தண்டர்பால்’ இரண்டையும் தமிழில் அச்சிலும், அமேசானின் மின்னூல் கடையான கிண்டிலிலும் கொண்டுவர ஒரு சிறு பதிப்பகம் யோசிக்கிறது. ஃபிளெமிங் இறந்து 60 வருடம் தாண்டிவிட்டது, காப்புரிமை முடிந்தது என்கிறார் ஒருவர். அட்டையில் 007 என்று போட்டாலே நோட்டீஸ் வரும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

ரீல்பெட்டி:
இருவர் சொல்வதிலும் பாதி சரி. அமேசான் வாங்கியது சினிமா பாண்டை. நாவல் பாண்டை அல்ல.

ஆல்பர்ட் ப்ரோக்கோலியும் ஹாரி சால்ட்ஸ்மேனும் 1961-ல் ஈயான் தயாரிப்பு நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பட உரிமைகள் டான்ஜாக் என்ற இன்னொரு நிறுவனத்தில் இருந்தன. பணநெருக்கடியில் சால்ட்ஸ்மேன் 1975-ல் தன் பாதியை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் பட நிறுவனத்துக்கு விற்றார். 1981-ல் அந்த நிறுவனத்தை எம்ஜிஎம் ஸ்டுடியோ வாங்கியது, 2022 மார்ச்சில் எம்ஜிஎம்மையே சுமார் 850 கோடி டாலருக்கு அமேசான் வாங்கியது. இத்தனை கொட்டியும் யார் நடிப்பது, என்ன கதை, எப்போது படம் என்பதெல்லாம் ப்ரோக்கோலி குடும்பத்தின் முடிவாகவே இருந்தது. 2025 பிப்ரவரி 20-ல் அறிவித்த கூட்டு ஏற்பாட்டில்தான் அந்தப் பிடி கைமாறியது. ஆல்பர்ட்டின் மகள் பார்பரா ப்ரோக்கோலியும் வளர்ப்பு மகன் மைக்கேல் வில்சனும் இன்னும் பங்குதாரர்கள்தான். வண்டி ஓட்டுவது மட்டும் அமேசான்.

ஓட்டும் லட்சணத்துக்கு ஒரு சாம்பிள்: அதே வருடம் அக்டோபரில் பிரைம் வீடியோவில் பழைய பாண்ட் படங்களின் முகப்புப் படங்களிலிருந்து துப்பாக்கிகளை அழித்துவிட்டார்கள். ‘டாக்டர் நோ’ படத்தில் பாண்டாக நடித்த ஷான் கானரி வெறுங்கையோடு முறைத்துக்கொண்டு நின்றார். ரசிகர்கள் பிடிபிடியென்று பிடித்ததும் படங்களை மாற்றினார்கள்.

நாவல்கள் ஃபிளெமிங் குடும்ப நிறுவனமான இயான் ஃபிளெமிங் பப்ளிகேஷன்ஸிடம் இருக்கின்றன. அமேசானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரிவு22:
முதலில் ஒன்று: காப்புரிமை என்று பேட்டன்டையும் சொல்கிறார்கள். இங்கே பேசுவது பதிப்புரிமை.

ஃபிளெமிங் இறந்தது 1964 ஆகஸ்ட். இந்தியச் சட்டத்தில் எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஆக, அவர் உயிரோடிருக்கும்போது வந்தவை 2025 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை, அதாவது அனுமதியில்லாமல் யாரும் வெளியிடலாம். அவர் இறந்தபின் வந்தவற்றுக்கு, முதலில் வெளியான ஆண்டைவைத்துக் கணக்கு. 1965-ல் வந்த ‘தி மேன் வித் த கோல்டன் கன்’ நாவலுக்கு உரிமை 2025 முடிவுவரை. 1966-ல் வந்த ‘ஆக்டோபுஸி’ தொகுப்புக்கு 2026 முடியும்வரை பொறுங்கள்.

‘கோல்டுஃபிங்கர்’ 1959, பிரச்சினையில்லை. ‘தண்டர்பால்’தான் கண்ணிவெடி. கெவின் மெக்லோரி, ஜாக் விட்டிங்ஹாம் இருவரோடும் சேர்ந்து உருவாக்கிய திரைக்கதையை ஃபிளெமிங் நாவலாக்கினார். அதற்காக அவர்கள் தொடுத்த வழக்கு 1963-ல் சமரசமாகி, புத்தகத்தில் அவர்கள் பெயரும் ஏறியது. கூட்டுப் படைப்பு என்று யாராவது வாதிட்டால் கடைசி ஆசிரியர் இறந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். மெக்லோரி இறந்தது 2006. கணக்கு 2066 வரை இழுக்கும். சின்னப் பதிப்பகம் அந்த வம்புக்குப் போகவேண்டாம்.

மூலமாக ஜோனதன் கேப் வெளியிட்ட பழைய பதிப்பை வைத்துக்கொள்ளுங்கள். 2023 மறுபதிப்புகளில் சில இடங்களைத் திருத்தியிருக்கிறார்கள். அவற்றுக்குத் தனி உரிமை.

இன்னொன்று, மொழிபெயர்ப்பாளரோடு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு, எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். மின்னூலையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

லேபில்வேலை:
அட்டைதான் உண்மையான ஆபத்து. பதிப்புரிமைக்குக் காலாவதி உண்டு. டிரேட்மார்க்கை (வணிகச் சின்னம்) 10 வருடத்துக்கொருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். அச்சுக்கு முன் டிரேட்மார்க் பதிவேட்டின் இலவசப் பொதுத் தேடலில் ‘ஜேம்ஸ் பாண்ட்’, ‘007’ இரண்டையும் வகுப்பு 16 (அச்சுநூல்), வகுப்பு 9 (மின்னூல்) இரண்டிலும் பாருங்கள். நாவல் பெயரும் ஃபிளெமிங் பெயரும் பெரிதாக, நாயகன் பெயர் பின்னட்டைக் குறிப்பில் மட்டும் என்றால் நோட்டீஸ் வரும் வாய்ப்பு குறைவு. 7-ல் துப்பாக்கி வைத்த சின்னம், துப்பாக்கிக் குழல் வட்டம், கானரி முகம், மூன்றும் கூடாது.

வரைபவரிடம் நாவலைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். படத்தில் கோல்டுஃபிங்கர் லேசர் விடுகிறான். நாவலில் வட்ட ரம்பம். படத்தில் ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார். நாவலில் டிபி 3. லேசரை வரைந்தால் படத்திலிருந்து எடுத்ததாகிவிடும்.

பழையபேப்பர்:
சரி, தண்டர்பாலை விட்டுவிடுகிறோம். கிண்டிலில் உலகம் முழுக்கப் போடலாமா? இலங்கை, சிங்கப்பூர், மலேசியாவிலும் கேட்கிறார்கள்.

பிரிவு22:
கூடாது. பதிவேற்றும்போது ‘எல்லா நாடுகளும்’ என்பதை எடுத்துவிட்டு இந்தியாவை மட்டும் டிக் செய்யுங்கள். கனடாவையும் சேர்க்கலாம், அங்கே 2015-லேயே விடுபட்டுவிட்டது. மலேசியாவும் அப்படியே, இறந்தபின் 50 ஆண்டுதான், அச்சுப்பிரதி அனுப்பலாம். இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன் மூன்றிலும் 70 ஆண்டு, 2034 முடியவேண்டும். அமெரிக்காவில் வெளியான ஆண்டிலிருந்து 95 என்பதால் கோல்டுஃபிங்கருக்கு 2054 முடிவுவரை. பொதுவுடைமை நூலா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்று குறித்து, தலைப்பில் மொழிபெயர்ப்பு என்று போடுங்கள்; போடாவிட்டால் கடைக்காரரே தூக்கிவிடலாம். கடைக்காரரும் அதே அமேசான்தான்.