பழைய சைகஸ் தொட்டி: தேறுமா, தூக்கிப் போடணுமா?

தொட்டிக்காரன்:
ரொம்ப காலமா கவனிப்பில்லாத சைகஸ் ரெவொலூட்டா (பனை மாதிரி ஓலை விடுற அலங்காரச் செடி) ஒண்ணு. தண்டு 20 செ.மீ. விட்டம். மேலே நாலு ஓலை மட்டும்தான், அதுவும் மஞ்சள். ஓலைக்கு அடியில மாவு தூவின மாதிரி வெள்ளையா ஒட்டியிருக்கு. மண் இறுகிப்போய் தண்ணி மேலேயே தேங்குது. தண்டை ஒட்டி மூணு குட்டிச்செடி. உரம் கொடுத்துத் தேத்தலாமா, இல்ல மண்ணை மாத்தணுமா?

கட்டைவேர்:
உரத்தை இப்போ தொடாதீங்க. ஓலையைப் பார்த்து முடிவெடுக்காம தண்டை அழுத்திப் பாருங்க. அடி முதல் குருத்து வரைக்கும் கெட்டியா இருந்தா, ஒரு ஓலைகூட இல்லாட்டியும் பிழைக்கும். சேமிப்பு மாவுச்சத்து அங்கேதான் இருக்கு. அமுங்குற இடம் அழுகல்.

வெளியே எடுத்து மண்ணை முழுக்கக் கழுவுங்க. கறுத்து நொளுநொளுன்னு இருக்கிற வேரை வெட்டிடுங்க. தண்டுல அழுகல் இருந்தா பழுப்புப் புள்ளிகூட இல்லாத வெள்ளைச் சதை தெரியுற வரைக்கும் தோண்டணும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்ல துடைங்க, இல்லாட்டி அழுகலை நாமே நல்ல சதைக்குக் கொண்டுபோறோம். வெட்டின இடத்துல காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக்கொல்லியைக் குழைச்சுப் பூசி, நிழல்ல ஒரு வாரம் காய விடுங்க. பெரிய காயம்னா ரெண்டு மூணு வாரம். ஈரக் காயத்தோட நட்டா திரும்ப அழுகும்.

மண்ணுக்கு மேலே பவளக் கொத்து மாதிரி முண்டுமுண்டா வேர் இருந்தா நோய்னு வெட்டிடாதீங்க. அதுக்குள்ள இருக்கிற சயனோபாக்டீரியா (நீலப்பச்சைப் பாசி) காத்துல உள்ள நைட்ரஜனைப் பிடிச்சுக் கொடுக்குது.

10 லிட்டர் கலவைக்கு 6 லிட்டர் பெர்லைட் (லேசான வெள்ளைக் கல் துகள்) அல்லது பொடிச்சல்லி, 2 லிட்டர் கரடுமணல், 2 லிட்டர் தென்னை நார்த்தூள். தொட்டி தண்டைச் சுத்தி 4, 5 செ.மீ. இடம் விட்டாப் போதும். பெரிய தொட்டியில ஈரம் காயவே காயாது. குருத்து மண்ணுக்குள்ள போகக் கூடாது. நட்டதும் ஒரு தடவை நல்லா தண்ணி, அப்புறம் பாதி ஆழம் காய்ஞ்ச பிறகுதான்.

ஓலைக்கத்தி:
அந்த வெள்ளை, செதில் பூச்சி. பெரும்பாலும் சைகஸைத் தாக்குற ஆலகாஸ்பிஸ் யசுமட்சுயிங்கிற வகை. இது வேர்லயும் ஒட்டும், அதனால ஓலைக்கு மட்டும் மருந்து அடிச்சா மறுபடி ஏறி வரும். கழுவும்போது வேரையும் பிரஷ் போட்டுத் தேயுங்க.

வேரை வெட்டப்போறதால நாலு ஓலையையும் எடுத்துடலாம். பையில கட்டி எறியுங்க, கம்போஸ்ட்ல போடாதீங்க. தண்டுக்கும் குருத்துக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலோட கலந்து, சாயங்காலம், 10 நாள் இடைவெளியில மூணு தடவை. செத்த செதில் உதிராம ஒட்டியே இருக்கும். நகத்தால சுரண்டிப் பாருங்க. உள்ளே ஈரமா ஆரஞ்சு நிறத்துல உடம்பு இருந்தா உயிரோட இருக்கு, வெறும் தூள்னா செத்துப்போச்சு.

தொட்டிக்காரன்:
புது ஓலை வந்துட்டா பிழைச்சாச்சுன்னு எடுத்துக்கலாமா?

கட்டைவேர்:
கூடாது. வேரே இல்லாம, சேமிப்பை வெச்சே ஒரு சுற்று ஓலை விடும். அதை நம்பி தண்ணியைக் கூட்டுற இடத்துலதான் நிறைய செடி போகுது. தண்டை மெதுவா அசைச்சுப் பாருங்க, ஆடாம பிடிச்சு நின்னா வேர் விட்டாச்சு. பல மாசம் ஆகும்.

அதுக்கப்புறம் உரம் யோசிக்கலாம். பழைய ஓலை ஓரம் மஞ்சள், நடு நரம்பை ஒட்டிப் பச்சைன்னா மக்னீசியம் குறைவு. புது ஓலையே சுருண்டு கருகி வந்தா மாங்கனீசு குறைவு, காரமண்ல இது அதிகம். மாங்கனீஸ் சல்பேட் லிட்டருக்கு 1 கிராம் தெளிக்கலாம். கெட்ட ஓலை திருந்தாது, பலன் அடுத்த சுற்றுலதான் தெரியும். ஓலை விரியுற நேரத்துல தொட்டியைத் திருப்பாதீங்க, கோணலாகி அப்படியே நின்னுடும்.

ஓலைக்கத்தி:
குட்டிகளை இப்பவே உளியால பிரிச்சுடுங்க, தாய்ச்செடி அழுகிப் போனாலும் குட்டிகளாவது மிஞ்சும். ஓலையை நறுக்கிட்டு, காயம் ஒரு வாரம் ஆறினதும் பாதி ஆழம் புதைங்க. ஓலைக்காம்பு முள் குத்தும், கையுறை போடுங்க. வீட்டுல நாய் இருந்தா வெட்டின துண்டையோ விதையையோ தரையில விடாதீங்க. இந்தச் செடியில இருக்கிற சைகாசின்ங்கிற நச்சு கல்லீரலைக் கெடுத்து உயிரையே எடுத்துடும்.