பிரான்ஸுக்குப் புதுசா வந்த பாண்டி பசங்களுக்கு: பாதம் மரத்துப் போனா குளிர்னு விட்டுடாதீங்க

புதுசா வர்றவங்க என்ன தெரிஞ்சுக்கணும்னு இங்க கேட்டிருந்தாங்க. வீடு, பேங்க் கணக்கு, கார்த் வித்தால் (பிரான்ஸ்ல மருத்துவக் காப்பீட்டு அட்டை) பத்தியெல்லாம் மத்தவங்க ஏற்கெனவே நல்லாவே சொல்லியிருக்காங்க. நான் முத்தியால்பேட்டைக்காரன், பாரீஸ் பக்கத்துல 18 வருஷமா இருக்கேன். நான் சொல்ல வந்தது வேற விஷயம்: பசங்க போதைக்காக பலூன்ல அடைச்சு இழுக்கிற ஒரு வாயு காலை என்ன பண்ணும்னு.

எங்க அக்கா பையன் இங்க படிக்க வந்து ரெண்டாவது வருஷம். லீவுக்கு ஊருக்கு வந்திருந்தான், நானும் அப்ப அங்கதான். சாயங்காலம் பீச் ரோட்ல காந்தி சிலையிலேர்ந்து டூப்ளே சிலை பக்கமா நடந்துக்கிட்டிருந்தோம். பின்னாலேர்ந்து ஒரு சின்னப் பொண்ணு, "அண்ணா, உங்க செருப்பு!"ன்னு கையில தூக்கிக்கிட்டு ஓடி வருது. ஒரு கால் செருப்பு கழண்டு விழுந்ததே அவனுக்குத் தெரியல. அதுக்கப்புறம்தான் கவனிச்சேன், காலையே பாத்துப் பாத்து அடி வைக்கிறான். அன்னிக்கு ராத்திரி கரண்ட் போச்சு. மாடிப்படியில நின்னுக்கிட்டிருந்தவன் அப்படியே சாஞ்சு சுவத்தைப் பிடிச்சான்.

அக்கா, "அந்த ஊர் குளிர்ல மரத்துப் போயிருக்கும், நல்லெண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்"னாங்க. அவனும் மாசக்கணக்கா அப்படித்தான் நெனச்சிருக்கான். ஷூ இறுக்கமா இருக்குன்னு புது ஷூ கூட வாங்கியிருக்கான்.

முதல்ல பாத்த டாக்டர் ரத்தத்துல பி12 வைட்டமின் அளவு நார்மல்னு சொல்லி அனுப்பிட்டார். ரெண்டாவதா பாத்த நரம்பு டாக்டர் கழுத்தைக் குனியச் சொன்னார். குனிஞ்சதும் முதுகெலும்பு வழியா ஷாக் அடிச்ச மாதிரி இறங்குதுன்னான். எங்களை வெளிய அனுப்பிட்டு அவன்கிட்ட தனியா கேட்டார். அப்பதான் பலூன் கதை வந்துச்சு. சனி ஞாயிறு பார்ட்டி, அப்புறம் ரூம்லயே தனியா, 600 கிராமுக்கு மேல பிடிக்கிற பெரிய சிலிண்டர். எம்ஆர்ஐ எடுத்தா கழுத்துத் தண்டுவடத்தோட பின்பக்கத்துல வெள்ளைக் கோடு, அங்க நரம்பு கெட்டிருக்குன்னு அடையாளம்.

இந்த வாயு நைட்ரஸ் ஆக்சைடு. இங்க பசங்க 'ப்ரோத்தோ'ம்பாங்க, கிரீம் அடிக்கிறதுக்குன்னு விக்கிறது. பி12-க்கு நடுவுல ஒரு கோபால்ட் அணு இருக்கு. இந்த வாயு அதைக் கெடுத்துடுது. பி12 உடம்புல இருக்கும், வேலை செய்யாது. வயருக்கு மேல உறை இருக்கிற மாதிரி நரம்புக்கு மேல மையலின் இருக்கு, பி12 இல்லாம அது சிதைஞ்சு போகும். கால் எங்க இருக்குன்னு மூளைக்குச் சொல்ற பாதை தண்டுவடத்தோட பின்பக்கத்துலதான் ஓடுது. அதனாலதான் இருட்டுல தடுமாறினான், கண்ணை மூடினா சாயுறான். ரத்தத்துல பி12 நார்மல்னு வந்தாலும் ஏமாந்துடக் கூடாது. பி12 நெஜமா வேலை செய்யுதான்னு காட்டுற ஹோமோசிஸ்டீன், மெத்தில்மலோனிக் ஆசிட் டெஸ்ட் ரெண்டையும் பாக்கச் சொல்லுங்க.

நம்ம பசங்களுக்கு இதுல கூடுதல் ஆபத்து இருக்கு. பி12 கறி, மீன், முட்டை, பால்லதான் கிடைக்கும். சைவக் குடும்பத்துலேர்ந்து வந்து, ரூம்ல ரசம் சாதத்துலயே வாரத்தை ஓட்டுறவங்களுக்கு இருப்பே கம்மி. அதையும் இந்த வாயு அழிச்சுட்டா கையில எதுவுமே மிஞ்சாது.

பையனுக்கு பி12 ஊசி போட்டாங்க, பலூனை முழுசா விட்டான். இப்ப நடக்கறான். உள்ளங்கால்ல ஊசி குத்துற உணர்ச்சி மட்டும் இன்னும் போகல. சீக்கிரம் நிறுத்தினா மீளலாம். தள்ளிப் போட்டா சிலருக்கு முழுசா திரும்பாது.

கீழ ஒரு தம்பி, "அண்ணா, பி12 மாத்திரை போட்டுக்கிட்டே பலூன் அடிச்சா?"ன்னு கேட்டிருக்கார். வேண்டாம் தம்பி. நீங்க போடுற பி12-ஐயும் அதே வாயு கெடுத்துடும். ஃபோலிக் ஆசிட் மட்டும் தனியா வாங்கிப் போடாதீங்க, நரம்பு இன்னும் மோசமாகலாம்.

லண்டன் போற பசங்களுக்கும் சொல்லிடறேன். அங்க 2023 நவம்பர் 8-லேர்ந்து இது சி வகை போதைப்பொருள். போதைக்குன்னு கையில வச்சிருந்தாலே 2 வருஷம் வரைக்கும் சிறை. நெதர்லாந்துல 2023 ஜனவரியிலேர்ந்து தடை.

போலீஸ், வீடுன்னு பயந்துக்கிட்டு ஆஸ்பத்திரியில மறைக்காதீங்க. இங்க டாக்டர் உங்க ரகசியத்தை வெளிய சொல்லக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. நடை தடுமாறினா வாரக்கணக்கா அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காம நேரா உர்ஜான்ஸ் (ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு) போங்க, இல்ல மருத்துவ அவசர நம்பர் 15-க்கு போன் போடுங்க. பிரெஞ்சு வரலைன்னா "ப்ரோத்தோக்சீத் தஸோத்"னு (பிரெஞ்சுல நைட்ரஸ் ஆக்சைடு) ரெண்டு வார்த்தை சொல்லி, பாதத்தைக் காட்டுங்க.