வாடகைக்கு யார் வரலாம்னு தெரு முடிவு பண்ணலாமா? (வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு கேட்டில் பார்த்த தாள்)

பாலாத்து மணல்:
இருபத்து மூணு நாளா வீடு தேடுறேன். என் கணவருக்கு ராணிப்பேட்டையில தோல் கம்பெனி வேலை, எனக்கு வேலூர்ல ஒரு லேப்ல. பொண்ணு நாலாவது படிக்கிறா. இப்ப இருக்கற வீட்டு ஓனரோட மகன் கல்யாணம் முடிஞ்சு நாங்க இருக்கற மாடிக்கு வர்றார், காலி பண்ணணும். அதுல வருத்தம் இல்ல, அவங்க வீடு.

வருத்தம் வேற. போன ஞாயித்துக்கிழமை புரோக்கர் சத்துவாச்சாரியில ஒரு வீடு காட்டினார். கீழ் போர்ஷன், ரெண்டு ரூம், வாடகை 9,500, போர் தண்ணி உண்டு. ஓனர் அம்மாவுக்கு எங்களைப் பிடிச்சுப்போச்சு. சாவியைக் கையில கொடுத்து, பின்னாடி போய்ப் பார்த்துட்டு வாம்மான்னாங்க. துவைக்கற கல்லுகிட்ட நிக்கறேன், பக்கத்து மாடியில இருந்து ஒருத்தர் குரல் கொடுக்கறார். "எந்த ஊரு? என்ன ஆளுங்க? கறி, மீனு சமைப்பீங்களா?" ஓனர் கேக்காத கேள்வி. என் பொண்ணு என் முகத்தைப் பாக்கறா. நான் ஊரை மட்டும் சொல்லிட்டு உள்ள வந்துட்டேன்.

திரும்பும்போதுதான் கேட்டைக் கவனிச்சேன். பிளாஸ்டிக் உறையில போட்ட தாள்: "தெருவாசிகள் தீர்மானம். நோயாளிகள், பேச்சிலர்கள், அடிக்கடி வீடு மாறுபவர்களுக்கு வாடகைக்கு விட வேண்டாம்." சாயங்காலம் அந்தம்மா போன் பண்ணி, "தெருவுல ஒத்துக்க மாட்டேங்கறாங்கம்மா, தப்பா எடுத்துக்காத"ன்னாங்க. பத்து வருஷத்துல மூணு வீடு மாறியிருக்கோம். மூணு தடவையும் ஓனர் கேட்டுத்தான் மாறினோம். இதையும் எங்க கணக்குலயா எழுதுவீங்க?

ஃபேஸ் ரெண்டு:
அம்மா, எங்க தெருவுலயும் அப்படி ஒரு தாள் ஒட்டியிருக்கு. எழுதினவங்கள்ல நானும் ஒருத்தன். அதனால ஒளியாம பேசறேன்.

31 வருஷமா இங்க இருக்கேன். ஹவுசிங் போர்டு வீடு, தவணை கட்டி வாங்கினது. எதிர் வீட்டு ஓனர் பெங்களூர் போய்ட்டார். வீட்டை ஒரு புரோக்கர்கிட்ட மொத்தமா விட்டுட்டார், மாசம் இவ்வளவு என் கணக்குல போட்டுடுன்னு. அந்த ஆள் மூணு ரூமை பிளைவுட் அடிச்சு ஆறாக்கி, சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கு நாள் வாடகைக்கு விட்டார். ஒரு குடும்பத்துக்குக் கட்டின கக்கூஸ், ஒரு குடும்பத்துக்குத் தோண்டின தொட்டி. உள்ள இருபது பேர். தொட்டி நிரம்பி, தண்ணி எங்க வாசல் வழியா ஓடிச்சு. என் வீட்டம்மா அதைத் தாண்டித்தான் கோலம் போடணும். ராத்திரி மூணு மணிக்கு காட்பாடி ஸ்டேஷன்ல இருந்து ஆட்டோ வரும், ஹாரன் அடிச்சு கேட்டைத் திறக்கச் சொல்வாங்க. காவிரித் தண்ணி விடற அன்னிக்கு அந்த வீட்டுல மோட்டாரைப் போட்டு இழுத்துட்டா, கடைசி நாலு வீட்டுக்குக் குடம் நிறையாது. வெயில் காலத்துல வேலூர்ல தண்ணி என்ன பாடுன்னு உங்களுக்கே தெரியும்.

பெங்களூர்ல இருக்கறவர் போனை எடுக்கலை. புரோக்கர், "நான் ஓனர் இல்லை"ன்னார். மாநகராட்சிக்கு நாலு மனு கொடுத்தோம். அப்புறம்தான் அந்தத் தீர்மானம்.

தொட்டபாளையம்:
ஃபேஸ் ரெண்டு ஐயா, உங்க வாசல்ல ஓடின தண்ணிக்குக் காரணம் பிளைவுட் அடிச்ச ஆளும், போனை எடுக்காத ஓனரும். தாள்ல மட்டும் ஏன் "நோயாளிகள்"னு இருக்கு?

இந்த ஊர் பாதி அவங்களாலதான் சாப்பிடுது. சி.எம்.சி., 1900-ல டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி. இன்னிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ்னு எங்கெங்கயோ இருந்து ரெண்டு நாள் ரயில்ல உக்காந்து வர்றாங்க. காந்தி ரோட்ல, பாபுராவ் தெருவுல போர்டெல்லாம் வங்காளத்துல எழுதியிருக்கு. கடைக்காரன், ஆட்டோக்காரன், மருந்துக்கடை எல்லாம் அந்த மொழி பேசறான். அவங்க காசு வேணும், பக்கத்து வீட்ல மட்டும் இருக்கக்கூடாதா?

எங்க வீட்டு மாடியை நான் பொறந்ததுல இருந்து நோயாளிக் குடும்பத்துக்குத்தான் விடறோம். மாச வாடகை, ஒரு நேரத்துல ஒரு குடும்பம். எலும்பு மஜ்ஜை மாத்தினவங்களை உடனே ஊருக்கு அனுப்ப மாட்டாங்க. மாசக்கணக்கா ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருந்தாகணும், கிருமி தொத்தாம பாத்துக்கணும். அவங்க நம்மளைவிட சுத்தமா இருப்பாங்க, வேற வழி இல்ல. மேதினிப்பூர்ல இருந்து வந்த ஒரு அப்பா, பையனுக்கு வாய்ப்புண் வந்து எதுவும் இறங்கலைன்னு தினமும் அரிசியை ரெண்டு தடவை குழைய வேகவச்சு, மத்தால கடைஞ்சு, வெள்ளைத் துணியில வடிகட்டுவார். அந்தத் துணியைத் தனியா கொதிக்க வச்சு எங்க கொடியில ஓரமா காயப் போடுவார். எங்கம்மா அந்த ஏழு மாசமும் அந்த ஓரத்துல வேற துணி போடலை. கடுகெண்ணெய் வாசனை அடிக்கும்தான். நம்ம வீட்டுக் கருவாடு அவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்?

வீடு காட்றவன்:
புரோக்கரைத் திட்றீங்கோ, சரி. நானும் அந்தத் தொழில்தான். இருபது வருஷமா. இன்னா நடக்குதுன்னு சொல்றேன், கேளுங்க.

ஓனர் போன்ல சொல்லும்போதே லிஸ்ட் கீது. சைவமா இருக்கணும், சின்னக் குழந்தை கூடாது, வண்டி ஒண்ணுதான், சொந்தக்காரங்க வந்து தங்கக் கூடாது. இன்ன ஜாதி வேணாம், இன்ன மதம் வேணாம்னு நேராவே சொல்வாங்கோ. போர்டுல எழுத மாட்டாங்கோ, என் வாயால கேக்கச் சொல்வாங்கோ. கேக்காம ஆளைக் கூட்டினு போனா, வாசல்ல நிக்க வச்சு அனுப்பிடுவாங்கோ. பெட்ரோலும் போச்சு, பார்ட்டியும் போச்சு. நமக்கு வீடு முடிஞ்சாதான் துட்டு. வாடகைக்கு வர்றவர்கிட்ட ஒரு மாச வாடகை, ஓனர்கிட்ட அரை மாசம். அந்த அரை மாசத்தையும் பாதிப்பேர் கொடுக்கறதில்லை.

நாள் வாடகைக்குப் பிரிச்சு விடறவன் வேற. அவன் புரோக்கர் இல்லை, லாட்ஜ் நடத்தறான் லைசென்ஸ் இல்லாம.

பாலாத்து மணல்:
அண்ணா, நீங்க கேக்கலைன்னா வேற ஒருத்தர் கேப்பாரு, புரியுது. ஆனா கேக்கறது உங்க வாய். அந்த வாயால ஓனர்கிட்ட ஒரு தடவையாவது "இதை நான் கேக்க மாட்டேன், வாடகை ஒழுங்கா தருவாங்களா, வேலை என்ன, அதை மட்டும் விசாரிச்சு சொல்றேன்"னு சொல்லியிருக்கீங்களா? ஒரு மாச வாடகை வாங்கறீங்க. வீடு காட்டறதுக்குத்தானே அது?

வீடு காட்றவன்:
சொன்னதில்லமா. பொய் சொல்ல மாட்டேன்.

முத்திரைத்தாள்:
பத்திரம் எழுதற இடத்துல வேலை. நிறைய பேர் 11 மாசத்துக்குன்னு பத்திரத்துல எழுதி பீரோவுல வச்சுக்கறாங்க. 1960 சட்டம் போய், புது வாடகைச் சட்டம் 22.02.2019-ல இருந்து நடைமுறையில இருக்கு. எழுத்துல ஒப்பந்தம் வேணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், ஆன்லைன்லயே பண்ணலாம். வேற மாதிரி ஒத்துக்கிட்டு எழுதினா ஒழிய, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல வாங்கக் கூடாது. நம்ம ஊர்ல பத்து மாசம் கேக்கறாங்க. வாடகைக்கு வர்றவரும் படிக்காமலே அதுக்குக் கையெழுத்துப் போட்டுடறார். அங்கதான் மாட்டிக்கறார். தண்ணி, கரன்ட்டை நிறுத்தறது குத்தம். உள்ள வந்து பாக்கணும்னா ஓனர் 24 மணி நேரம் முன்னாடி சொல்லணும்.

ஒப்பந்தத்துல ரெண்டு பேர்தான், விடறவர், வர்றவர். தெருன்னு மூணாவது ஆள் அதுல கிடையாது. ஃபேஸ் ரெண்டு ஐயா ஒட்டின தாள் யாரையும் கட்டுப்படுத்தாது. அதே நேரம் எதிர் வீட்டு விவகாரத்துல அவர் பக்கம் நியாயம் இருக்கு. வெளிநாட்டு நோயாளியை வீட்ல தங்க வச்சா 24 மணி நேரத்துக்குள்ள அந்த விவரத்தை அரசுகிட்ட பதிவு பண்ணணும். தினமும் ஆள் மாத்தற வீட்ல அதெல்லாம் ஒழுங்கா நடக்கும்னு நான் நம்பலை.

ரங்காபுரம் மாடி:
சட்டம் சரி. 14 வருஷமா ஒரே மாடியில வாடகைக்கு இருக்கேன். கரன்ட் விஷயத்தை யாரும் பேசலை. மின்வாரியம் வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசமா தருது. எங்க வீட்ல ஒரே இணைப்பு, மூணு குடித்தனம், சப் மீட்டர். எனக்கு முதல் யூனிட்ல இருந்தே 9 ரூபாய். அந்த 100 யூனிட்டை நான் கண்ணால பாத்ததே இல்லை. மே மாசம் ஏர்கூலர் ஓடினாலே 1,800 வந்துடுது. இவ்வளவும் கொடுத்துட்டு, ஓனர் வீட்டுக்கு விருந்தாளி வந்தா என் வண்டியைத் தெருவுல நிறுத்தணும்.

ஃபேஸ் ரெண்டு:
என் வீட்லயும் மேல ஒரு குடித்தனம் உண்டு. ஒரே மீட்டர்ல ரெண்டு குடும்பம் ஓட்டி 500 யூனிட் தாண்டினா ரேட்டே மாறிப்போகுது, அதை ஓனர் தலையில கட்டறது நியாயமா? இருந்தாலும் 9 ரூபாய் அதிகம்தான். தனி இணைப்பு வாங்கித் தரச் சொல்லிக் கேளுங்க. நான் என் மேல் வீட்டுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

தொட்டபாளையம் தம்பிக்கு ஒண்ணு சொல்லணும். நீங்க சொன்ன வீட்ல உங்கம்மா கீழ இருந்தாங்க. யார் வர்றா, யார் போறான்னு தெரியும். மாடிக்காரர் தண்ணியை வீணாக்கினா படியேறிச் சொல்லியிருப்பாங்க. ஓனர் கூடவே இருக்கற வீட்டுக்கும் பெங்களூர்ல இருக்கறவர் வீட்டுக்கும் வித்தியாசம் இருக்கு. பேச்சிலர் விஷயத்துல நான் மாற மாட்டேன். காட்பாடி பக்கம் காலேஜ் பசங்க எட்டு பேர் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, விடிய விடிய மொட்டைமாடியில பாட்டு வச்சு, என் தங்கச்சி குடும்பம் வீட்டையே வித்துட்டு வந்துடுச்சு. கண்ணால பாத்தேன்.

நைட் டியூட்டி:
ஐயா, இதுவரைக்கும் படிச்சுக்கிட்டு மட்டும் இருந்தேன். நீங்க சொல்ற எதிர் வீடு எனக்குத் தெரியும். நான் உங்க தெருவுலதான் ஆறு வருஷமா வாடகைக்கு இருக்கேன், கடைசி நாலு வீட்ல ஒண்ணு. தண்ணி வராம போனது எங்களுக்கும்தான். நானும் இன்னும் ரெண்டு ஸ்டாஃப் நர்ஸும் சேர்ந்து இருக்கோம், கல்யாணம் ஆகலை. உங்க தாள்படி நாங்க பேச்சிலர்.

மாசம் 150 ரூபாய் சந்தா எங்ககிட்டயும் வாங்கறீங்க. தெரு விளக்கு, நாய்க்கு ஊசி, கோயில் கூழ் ஊத்தறது எல்லாத்துக்கும் கொடுத்திருக்கோம். அந்தத் தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு எங்களைக் கூப்பிடலை. காலையில டியூட்டி முடிஞ்சு வந்தப்ப தாள் ஒட்டியிருந்தது. என் கூட இருக்கற பொண்ணு அதைப் படிச்சுட்டு, "அக்கா, நம்மளையும் போகச் சொல்வாங்களா?"ன்னு கேட்டா. போன வருஷம் உங்க வீட்டம்மாவுக்கு சுகர் இறங்கி மயக்கம் வந்தப்ப உங்க பையன் ஓடி வந்தது எங்க வீட்டுக்குத்தான். அதைச் சொல்லிக் காட்ட எழுதலை ஐயா. எங்களுக்கும் அது எங்க தெருன்னு சொல்ல எழுதறேன்.

ஃபேஸ் ரெண்டு:
யாருன்னு தெரிஞ்சுபோச்சும்மா. மறக்கலை. நீங்க குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்த டம்ளர் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு.

"பேச்சிலர்"னு எழுதும்போது நீங்க நினைவுக்கு வரலை. பசங்களைத்தான் நினைச்சேன். கூட்டத்துக்குக் கூப்பிடாதது தப்பு. வாடகைக்காரங்களைக் கூப்பிடற பழக்கமே எங்ககிட்ட இல்லை, யாரும் அதைக் கேட்டதும் இல்லை.

தொட்டபாளையம்:
அப்ப தாளைக் கிழிச்சிடுவீங்களா ஐயா?

ஃபேஸ் ரெண்டு:
நான் ஒருத்தனா கிழிக்க முடியாது தம்பி, பதினஞ்சு பேர் கையெழுத்து போட்டிருக்கோம். நாள் வாடகைக்கு விடக் கூடாது, ஓனர் ஊர்ல இல்லைன்னா பேசறதுக்குப் பொறுப்பான ஒரு ஆள் வேணும், தொட்டி நிரம்பினா அந்த வீட்டு ஓனர்தான் லாரி கூப்பிடணும். இந்த மூணை மட்டும் எழுதுவோம்னு சொல்லப்போறேன். பசங்க விஷயத்துல எனக்கு இன்னும் மனசு ஒப்பலை, அங்க சண்டை வரும். வர்ற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூட்டம். வாடகைக்கு இருக்கற பதினோரு வீட்டுக்கும் நானே நேர்ல போய்ச் சொல்றேன்.

பாலாத்து மணல்:
ஐயா, நீங்க நல்லா பேசறீங்க, கோவம் இல்லை. ஆனா தாள்ல இல்லாத கேள்வி ஒண்ணு இருக்கு. "என்ன ஆளுங்க?" அதை எதுல இருந்து எடுப்பீங்க? எழுதி வச்சதைத் திருத்திடலாம். மாடியில நின்னு கேக்கறதை யார் திருத்துவா? அன்னிக்கு ராத்திரி என் பொண்ணு கேட்டா, "நாம என்ன ஆளும்மா?"ன்னு. இந்த வயசு வரைக்கும் அவளுக்கு அது தெரியாம வளர்த்தோம்.

விருதம்பட்டுல ஒரு வீடு அமைஞ்சிருக்கு. ஓனர் கேட்டது ரெண்டே கேள்வி: எத்தனை பேரு, என்னைக்கு வர்றீங்க. அட்வான்ஸ் மூணு மாசம்தான் தருவேன்னு முத்திரைத்தாள் சொன்ன சட்டத்தைச் சொன்னேன். நாலுல முடிஞ்சது.

வீடு காட்றவன்:
பாலாத்து மணல் அக்கா, நேத்து ஒரு ஓனர் கொசப்பேட்டையில லிஸ்ட் சொன்னார். ஜாதி மட்டும் நான் கேக்க மாட்டேன் சார், மத்ததெல்லாம் விசாரிக்கறேன்னு சொன்னேன். வேற ஆளைப் பாத்துக்கறேன்னு வச்சுட்டார். சொல்லணும்னு தோணுச்சு.

நைட் டியூட்டி:
ஃபேஸ் ரெண்டு ஐயா, ஞாயிறு காலை பத்து மணின்னா எங்க மூணு பேர்ல ரெண்டு பேர் அப்பதான் நைட் முடிஞ்சு வந்து படுத்திருப்போம். மூணாவது வீட்டு அண்ணன் ஆம்பூர் ஷூ கம்பெனி, அவருக்கு மத்தியானம்தான் ஷிஃப்ட் முடியும். சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்க முடியுமா?

ஃபேஸ் ரெண்டு:
ஆறு மணிக்கே வைக்கறேன். பிள்ளையார் கோயில் திண்ணையில.