லேடர் முதல் ஸ்க்ராட்ச் வரை: படமாக எழுதும் புரோகிராம்களோடு உங்கள் அனுபவம்

மில் ஆட்டோமேஷன் (கோவை)

ஸ்பின்னிங் மில்களில் பி.எல்.சி. (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) வேலை பார்க்கிறேன். விஷுவல் புரோகிராமிங் என்றாலே பள்ளிப் பிள்ளைகள் கட்டங்களை இழுத்து ஒட்டும் விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் நிறைய. தொழிற்சாலைகளில் அரை நூற்றாண்டாக இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருப்பதும் ஒரு படமொழிதான், லேடர். அதோடு எனக்கு நேர்ந்த இரண்டு அனுபவங்களை எழுதுகிறேன்.

ஒருநாள் புளோரூமில் (பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் பகுதி) ஒரு மோட்டார் எடுக்கவில்லை. கூட இருந்தவர் பழைய ரிலே பேனல் (மின்காந்த சுவிட்ச்களை வயரால் இணைத்த பலகை) காலத்து எலக்ட்ரீஷியன், ஐ.டி.ஐ. படித்தவர். கம்ப்யூட்டரில் புரோகிராம் என்று எதையும் அதுவரை பார்த்ததில்லை. லேப்டாப்பை பி.எல்.சி.யில் இணைத்து ஆன்லைனில் போட்டேன். எந்த கான்டாக்ட் (சுவிட்ச் முனை) சேர்ந்திருக்கிறது, எது திறந்திருக்கிறது என்று பச்சை நிறத்தில் காட்டும். நான் விளக்க ஆரம்பிக்கும் முன்பே அவர் திரையைத் தொட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தப் புள்ளி வரைக்கும் லைன் வந்துருச்சுங்க. அடுத்த என்.ஓ. சேரல. லிமிட் சுவிட்ச்சப் போய்ப் பாக்கறேனுங்க." (என்.ஓ. என்றால் இயல்பில் திறந்திருக்கும் கான்டாக்ட்.) போனார். கதவோரத்து லிமிட் சுவிட்ச் தளர்ந்திருந்தது. முறுக்கினார், மோட்டார் ஓடியது.

இது தற்செயல் இல்லை. 1960களின் கடைசியில் அமெரிக்க கார் தொழிற்சாலைகள், மாடல் மாறும்போதெல்லாம் ரிலே பேனல்களைப் பிரித்து மறுபடி வயரிங் செய்து அலுத்துப்போயிருந்தன. டிக் மார்லியும் கூட்டாளிகளும் மாடிகான் 084 என்ற கன்ட்ரோலரைக் கொண்டுவந்தார்கள். அதை இயக்கக் கொடுத்த மொழி, எலக்ட்ரீஷியன்கள் தினமும் படித்துக்கொண்டிருந்த ரிலே வரைபடத்தின் சாயலில் இருந்தது. இடது வலது இரண்டு கம்பம், நடுவில் படிகள் (ரங்), படியில் கான்டாக்ட், கடைசியில் மோட்டார் போன்றதை எடுக்க வைக்கும் காயில். பார்க்க ஏணி, அதனால் லேடர். ஆட்களைக் கம்ப்யூட்டருக்குப் பழக்காமல், கம்ப்யூட்டரை அந்த ஆட்களிடம் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்த முடிவின் மேல் பெரிய மரியாதை உண்டு.

இரண்டாவது அனுபவம்தான் என்னை யோசிக்க வைத்தது. அதே அண்ணன், வேறொரு மெஷின். ஆட்டோ மோடுக்கான ரங் முழுக்கப் பச்சை. மோட்டார் மட்டும் எடுக்கவில்லை. அவர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "லைன் முழுசா வந்து காயிலத் தொடுதுங்க. எடுத்தே ஆகணும். உங்க பெட்டி கெட்டுப்போச்சுங்களா?" என்றார். பெட்டி கெடவில்லை. யாரோ முன்பு எழுதிய புரோகிராமில், கீழே எங்கோ, மேனுவல் மோடுக்காக அதே காயிலை இன்னொரு ரங்கிலும் போட்டிருந்தார்கள். நிஜ ரிலே பேனலில் ஒரு காயிலுக்கு இரண்டு வழியில் லைன் கொடுத்தால் எந்த வழியில் வந்தாலும் எடுக்கும். பி.எல்.சி. அப்படி இல்லை. மேலிருந்து கீழாக ரங் ரங்காக ஸ்கேன் செய்கிறது. மேலே ஆன் என்று எழுதியதைக் கீழே ஆஃப் என்று அழித்துவிட்டது. அவுட்புட்டுக்குப் போவது கடைசியில் எழுதியது மட்டுமே.

இரண்டு வழியையும் ஒரே ரங்கில் பேரலலாகப் போட்டதும் சரியாகிவிட்டது. அவர் படித்த விதத்தில் பிழையே இல்லை. முதல் தடவை கைகொடுத்த அதே படம் இங்கே அவரை வேறு பக்கம் இழுத்துப்போனது. இப்படி உங்கள் துறையில் பார்த்திருக்கிறீர்களா?

எச்.சி.ஐ. ஆய்வு மாணவி

உங்கள் இரண்டாவது சம்பவத்துக்கு, மனிதரும் கணினியும் பழகும் விதத்தைப் படிக்கும் எங்கள் ஆய்வுலகில் (எச்.சி.ஐ.) பெயரே இருக்கிறது: மறைந்த சார்பு. ஓரிடத்தில் இருப்பது இன்னோரிடத்தைப் பொறுத்திருக்கிறது, ஆனால் அந்த உறவு பார்வைக்குத் தெரியவில்லை. தாமஸ் கிரீன், மரியன் பெட்ரே இருவரும் 1996இல் விஷுவல் புரோகிராமிங் சூழல்களை அலசிய கட்டுரையில் இது போன்ற அளவுகோல்கள் பலவற்றை வரிசைப்படுத்தினார்கள். இன்னொன்று பிசுபிசுப்பு. சின்ன மாற்றம் செய்ய எவ்வளவு இடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது என்பது. ராக்கெட் பாதையைக் கணக்கிடும் ஒரு புரோகிராமில் காற்றின் தடையைச் சேர்க்கச் சொன்னார்கள். பேசிக் என்ற எழுத்து மொழியில் சுமார் ஒரு நிமிடம் ஆன மாற்றத்துக்கு, பெட்டிகளை வயரால் இணைத்து எழுதும் லேப்வியூவில் எட்டு நிமிடம் போல ஆனது. பெட்டிகளை நகர்த்தி, வயர்களை அறுத்து மறுபடி இணைப்பதிலேயே நேரம் கரைந்தது.

அதற்கும் முன்பே, தொண்ணூறுகளின் தொடக்கத்தில், படத்தையும் எழுத்தையும் படித்துப் புரிந்துகொள்ளும் வேகத்தை அவர்கள் ஒப்பிட்டிருந்தார்கள். படம்தான் மெதுவாக இருந்தது, அனுபவசாலிகளுக்கும். படம் என்றால் பார்த்ததும் புரியும் என்று அதுவரை விளம்பரம் போலச் சொல்லிக்கொண்டிருந்த துறைக்கு இது வேண்டிய அடி.

என் அனுபவம்: பொறியியல் மாணவர்களிடம் டேட்டா ஃப்ளோ வரைபடங்களை (தகவல் வயர் வழியே ஓடுவதாகக் காட்டுபவை) கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்வோம். வயர்கள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். விரல் திரைக்குப் போகும். ஒரு விரலால் ஒரு வயரைப் பிடித்துக்கொண்டு மறுகையால் அடுத்ததைத் தேடுவார்கள். வரைபடத்தை ஒழுங்காக அடுக்கியிருந்தால் அந்த விரல் தேவைப்படாது. பெட்ரே 1995இல் வலியுறுத்தியதும் இதையே. நல்ல வரைபடத்தின் பலத்தில் பெரும் பங்கு மொழியின் விதிகளில் அடங்காத அடுக்குமுறையிலும் இடைவெளியிலும் இருக்கிறது. தேர்ந்தவர்கள் அதைக் கவனித்துச் செய்கிறார்கள். புதியவர்களுக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியை

பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் ஸ்க்ராட்ச் (கட்டங்களை இழுத்து ஒட்டி எழுதும் மொழி) வருவதால் எங்கள் லேபில் இருக்கும் கணினிகளில் அதைப் போட்டுக் கொடுக்கிறோம். முதல் நாளே பூனை நடக்கும், பேசும். அந்தச் சந்தோஷத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. எழுத்து மொழியில் ஒரு புள்ளி விட்டுப்போனால் சிவப்பில் திட்டு விழுமே, அது இங்கே இல்லை. பொருந்தாத கட்டங்கள் ஒட்டவே ஒட்டாது.

சிக்கல் விளையாட்டு பெரிதாகும்போது வருகிறது. ஒரு பாத்திரம் (திரையில் வரும் பூனை, பந்து போன்றது) செய்தி அனுப்பும், இன்னொரு பாத்திரம் அதை வாங்கி ஏதோ செய்யும். வாங்குகிற கட்டம் வேறொரு பாத்திரத்துக்குள் இருப்பதால் கண்ணில் படாது. மேலே மில் நண்பர் சொன்ன அதே கதை. ஒரு மாணவி வந்து, "மிஸ், பந்து பட்டும் ஸ்கோர் ஏன் ஏற மாட்டேங்குது?" என்றாள். பிள்ளைகள் கேட்பது எப்போதும் "ஏன்" என்றுதான். கணினியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வழியில்லை. அவளோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாத்திரமாகத் திறந்து பார்த்தோம். ஸ்கோரைப் பூஜ்யமாக்கும் கட்டம் பின்னணிக்குள் சுற்றுக்கட்டளையில் மாட்டியிருந்தது.

எச்.சி.ஐ. ஆய்வு மாணவி

மேடம், உங்கள் மாணவி கேட்ட கேள்வியை அப்படியே கருவியாக்கியிருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கோ, பிராட் மையர்ஸ் இருவரும், பிழை தேடுகிறவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து கவனித்தார்கள். ஏன் நடந்தது, ஏன் நடக்கவில்லை, இவை இரண்டுதான் பெரும்பாலும். 2004இல் ஆலிஸ் என்ற முப்பரிமாணச் சூழலுக்குள் வைலைன் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். மெனுவில் "ஏன் நடக்கவில்லை" என்பதைத் தேர்ந்து, எது என்று காட்டினால், காரணமான கட்டளைகளைத் தொடர்ச்சியாக எடுத்துத் தரும். அவர்கள் ஒப்பிட்ட சூழ்நிலைகளில் பிழை தேடும் நேரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. இன்னும் ஏன் இது எல்லாப் பள்ளிக் கணினியிலும் இல்லை என்பது எனக்கு உண்மையான ஆதங்கம்.

சிறப்புக் கல்வியாளர்

எங்கள் பிள்ளைகள் பார்வையற்றவர்கள். இழுத்து ஒட்டும் கட்டங்கள் எல்லோருக்கும் எளிது என்று சொல்லும்போது அந்த "எல்லோரில்" அவர்கள் இல்லை. எழுத்து மொழியையாவது ஸ்கிரீன் ரீடர் வாசித்துவிடும். மவுஸால் இழுக்கிற கட்டத்தை என்ன செய்வது?

ஒரு பயிலரங்கில் கோட் ஜம்ப்பரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கேம்பிரிட்ஜில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் புராஜெக்ட் டொரினோ என்ற பெயரில், பார்வையற்ற குழந்தைகளையே கூட வைத்துக்கொண்டு உருவாக்கியது. 2019இல் அமெரிக்கன் பிரிண்டிங் ஹவுஸ் ஃபார் தி பிளைண்ட் அதை ஏற்று வெளியிட்டது. ஒவ்வொரு கட்டளையும் உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் உருண்டை. ஒலியை இசைக்க ஒன்று, நிறுத்தம் தர ஒன்று, திரும்பச் செய்ய ஒன்று. வயரால் இணைத்துக்கொண்டே போக வேண்டும். குமிழைத் திருப்பினால் ஒலியோ நேரமோ மாறும். பக்கத்தில் இருந்த சிறுவன் வயரை விரலால் தடவிக்கொண்டே போய், இரண்டு வயர் கிளம்பும் மையப் பெட்டியில் நின்று, "இங்கதான் ரெண்டு பாட்டும் ஒண்ணாக் கேக்குது சார்" என்றான். பார்வையுள்ள பிள்ளைகளும் அதே மேஜையில் அவனோடு சேர்ந்து செய்தார்கள். தனியாக ஒரு மூலையில் உட்கார வைக்கவில்லை, அது எனக்கு முக்கியம்.

புது பி.எல்.சி. இன்ஜினியர் (ஓசூர்)

எனக்கு மாற்றுக் கருத்து. பி.எல்.சி. மொழிகளுக்கான ஐ.இ.சி. 61131-3 என்ற சர்வதேசத் தரநிலையில் லேடரோடு ஸ்ட்ரக்சர்ட் டெக்ஸ்டும் (எழுத்தாக எழுதும் மொழி) 1993 முதலே இருக்கிறது. கணக்கு, லூப், ரெசிபி டேபிள் இதெல்லாம் டெக்ஸ்டில் பத்து வரி. லேடரில் எழுதினால் பக்கம் பக்கமாகப் போகும். படித்துவிட்டு வருகிற என் வயதுக்காரர்களுக்கு ரிலே பேனலே தெரியாது. எங்களுக்கு எது பழக்கமோ அதைக் கொடுப்பதும் மனிதரை மையமாக வைப்பதுதானே?

மில் ஆட்டோமேஷன் (கோவை)

சரிதான் தம்பி. கணக்குப் பகுதியை நானும் டெக்ஸ்டில்தான் எழுதுகிறேன். ஆனால் இன்டர்லாக் (ஒன்று சரியாக இல்லாவிட்டால் மற்றது ஓடாமல் தடுப்பது), ஸ்டார்ட்-ஸ்டாப், சேஃப்டி கார்டு, ஃபால்ட் ரீசெட் எல்லாம் லேடர்தான். அதை நைட் ஷிப்டில் திறந்து பார்க்கப்போவது நீங்களோ நானோ இல்லை, மெயின்டெனன்ஸ் எலக்ட்ரீஷியன். ஒரு காயில் ஒரே ரங்கில்தான் என்று கறாராக வைத்திருக்கிறேன். ரங் கமென்டில் டெர்மினல் நம்பரும் வயர் நம்பரும் கட்டாயம். பிரிண்ட் எடுத்து பேனல் கதவின் உள்பக்கம் வைப்பேன். அண்ணன்மார் அதில் பென்சிலால் குறித்து வைப்பதை அடுத்த ரிவிஷனில் கமென்டாக ஏற்றிவிடுவேன். உங்கள் பிளான்டில் டெக்ஸ்ட் பகுதியை மெயின்டெனன்ஸ் ஆட்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.