ஒரு காலியிடம், பத்துக் கையெழுத்து

குழு: சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக் குடும்பங்கள், சோமர்செட், இங்கிலாந்து

வியாழன், மாலை 5:42

குகன் அண்ணா (கடை): [படம்] நூலகத்துக்குப் பக்கத்துப் பலகையில் இதை ஒட்டியிருக்கிறார்கள். டவுன் கவுன்சிலில் யாரோ விலகிவிட்டார் போல. என்னவென்று ஒருக்கால் பாருங்கோ.

ராணி அத்தை: படம் தெளிவாக இல்லை தம்பி. பாதியை 'நாய் காணவில்லை' நோட்டீஸ் மறைக்கிறது.

பிரியா: அந்த நாய் கிடைத்துவிட்டது அத்தை. அலாட்மென்ட் தோட்டக் கொட்டகைக்குள் இருந்ததாம்.

ராணி அத்தை: நல்லது. பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது? பொங்கலுக்கு வேண்டும்.

குகன் அண்ணா (கடை): இன்னொரு விஷயம். ஞாயிற்றுக்கிழமையும் சந்தைச் சதுக்கத்தில் பார்க்கிங் காசு வாங்கப் போகிறார்களாம். கடைக்கு வந்தவர்கள் கதைத்தார்கள். அப்படிச் செய்தால் என் ஞாயிறு வியாபாரம் போச்சு.

சிவா: இரண்டும் வேறு வேறு விஷயம் அண்ணா. பார்க்கிங் டவுன் கவுன்சில் கையில் இல்லை. அந்த இடம் முன்பு மெண்டிப் மாவட்டக் கவுன்சிலுடையது. 2023 ஏப்ரல் 1 அன்று மெண்டிப், செட்ஜ்மூர், தெற்கு சோமர்செட், சோமர்செட் மேற்கு-டாண்டன் என்ற நான்கு மாவட்டங்களையும் பழைய கவுண்டி கவுன்சிலையும் சேர்த்து ஒரே சோமர்செட் கவுன்சிலாக்கிவிட்டார்கள். இப்போது பார்க்கிங், சாலைக் குழி, குப்பை, கட்டட அனுமதி எல்லாம் அந்தக் கவுன்சில் கையில். நம்ம டவுன் கவுன்சிலிடம் இருப்பது பூங்கா, கல்லறை, அலாட்மென்ட், சந்தை, தமிழ் வகுப்பு நடக்கும் ஹால். இப்போது பஸ் நிறுத்தத்துக் கழிப்பறையும் சேர்ந்துவிட்டது. ஆகவே பார்க்கிங் வதந்தியைப் பற்றிக் கேட்க வேண்டிய ஆள் நம்ம பகுதியின் சோமர்செட் கவுன்சிலர்.

சிவா: இப்போது அந்த அறிவிப்புக்கு வருகிறேன். ஒரு கவுன்சிலர் விலகியதால் ஓர் இடம் காலி. அறிவிப்புத் தேதியிலிருந்து 14 வேலைநாளுக்குள், அந்தப் பகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் தேர்தல் அதிகாரிக்கு எழுதிக் கேட்டால் இடைத்தேர்தல் நடத்தியே ஆக வேண்டும். அப்படிக் கேட்காவிட்டால் மீதி உறுப்பினர்களே தங்களுக்குப் பிடித்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டே கிடையாது. இங்கே பல இடங்களில் அப்படித்தான் நடக்கிறது, ஏனென்றால் பத்துப் பேர் கேட்பதில்லை.

பிரியா: மூச்சு விடுங்கள்.

மாலா அக்கா: நைட் ட்யூட்டிக்குக் கிளம்புகிறேன். சுருக்கமாக?

சிவா: பத்துக் கையெழுத்து வேண்டும் அக்கா.

மாலா அக்கா: எதற்கு?

பிரியா: மேலே படியுங்கள் அக்கா, பாவம் கஷ்டப்பட்டு டைப் செய்திருக்கிறார்.

குகன் அண்ணா (கடை): கழிப்பறை என்றதும் ஞாபகம் வந்தது. அது பூட்டிக் கிடக்கிறது. நாளுக்கு நாலு பேர் கடைக்குள் வந்து கேட்கிறார்கள். வயசானவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல முடியுமா? பின்னால் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஜெனி: காலையில் ஆறு மணி பஸ்ஸுக்கு நான் அங்கேதான் நிற்கிறேன் அண்ணா. கேர் ஹோமில் இரவு முடிந்து வரும் பெண்கள் இன்னும் மூன்று பேர் நிற்போம். கதவில் ஒட்டிய தாள் மழையில் ஊறி எழுத்தே கரைந்துவிட்டது. எப்போது திறப்பார்கள் என்று தெரியவில்லை.

டாக்டர் மாமா: ஜெனி சொல்வது சின்ன விஷயம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த பெண், சர்க்கரை நோயாளி, மாத்திரை சாப்பிடும் முதியவர், இவர்களுக்குப் பொதுக் கழிப்பறை மருந்துக்குச் சமம்.

நிலா: தாத்தா 👏

சிவா: அது டவுன் கவுன்சிலுக்கு வந்ததே ஒரு கதை. 2023 நவம்பரில் சோமர்செட் கவுன்சில் நிதி அவசரநிலை அறிவித்தது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் 10 கோடி பவுண்டு பள்ளம். முதியோர் பராமரிப்பைச் சட்டப்படி நிறுத்த முடியாது, அதனால் கழிப்பறை, சிசிடிவி, பூங்கா மாதிரியானவற்றை ஊர்க் கவுன்சில்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். 2025-26-இல் கவுன்சில் டாக்ஸை (வீட்டு வரியை) 7.49% ஏற்ற அரசு தனி அனுமதியும் கொடுத்தது. வழக்கமான வரம்பு 4.99%. டவுன் கவுன்சில் வாங்கும் பங்குக்கு அந்த வரம்பும் இல்லை. எவ்வளவு என்பதை ஜனவரியில் ஒரு மாலைக் கூட்டத்தில் கை தூக்கி முடிவு செய்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு நம்மில் யாராவது போயிருக்கிறோமா?

ராணி அத்தை: அண்டா?

குகன் அண்ணா (கடை): என் வீட்டில் இல்லை அக்கா. போன வருஷம் ரவி அண்ணன் காரில் ஏற்றியதைக் கண்டேன்.

ரவி மாமா: ஏற்றினேன், இறக்கியும் கொடுத்தேன். என் வீட்டில் இல்லை. எல்லாவற்றுக்கும் என் பெயரை இழுப்பது இந்தக் குழுவுக்கு வழக்கமாகிவிட்டது.

டாக்டர் மாமா: ரவி, யாரும் குற்றம் சொல்லவில்லை.

ரவி மாமா: சரி அண்ணா. அந்தக் காலியிடத்துக்கு நான் நிற்கிறேன். சங்கத் தலைவராக இருந்த அனுபவம் இருக்கிறது.

மாலா அக்கா: 🙏 ட்யூட்டி.

பிரியா: ரவி மாமா, நீங்கள் இருப்பது ஊருக்கு வெளியே கிராமத்தில் அல்லவா?

சிவா: அதுதான் வேடிக்கையான சட்டம். ரவி மாமா இந்த ஊர் வாக்காளர் இல்லை. பத்துக் கையெழுத்தில் அவருடையது செல்லாது, ஓட்டும் போட முடியாது. ஆனால் நிற்கலாம்! ஊர் எல்லையிலிருந்து 3 மைலுக்குள் 12 மாதமாக வசித்தால் போதும். டெபாசிட் கிடையாது. முன்மொழிய ஒருவர், வழிமொழிய ஒருவர், அவ்வளவுதான். சம்பளமும் கிடையாது.

ரவி மாமா: பார்த்தீர்களா.

ராணி அத்தை: முதலில் மூன்று வருஷத்துப் பொங்கல் கணக்கை முடித்துவிட்டு ஊர்க் கணக்கைப் பார்க்கட்டும்.

ரவி மாமா: அண்ணி, ரசீது எல்லாம் அன்றைக்கே கொடுத்தேன்.

டாக்டர் மாமா: ராணி. இங்கே வேண்டாம்.

மாலை 7:15

ஜெனி: சிவா அண்ணா, ஒரு கேள்வி. நான் ஹெல்த் கேர் விசாவில் இருக்கிறேன். நான் கையெழுத்துப் போட்டால் பிரச்சினை வருமா? எனக்கு இங்கே ஓட்டு இல்லையே.

சிவா: இருக்கிறது ஜெனி! பலருக்குத் தெரிவதில்லை. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். காமன்வெல்த் குடிமக்கள் செல்லுபடியாகும் எந்த விசாவில் இங்கே வசித்தாலும் வாக்காளராகப் பதிவு செய்யலாம். கவுன்சில் தேர்தல் மட்டும் இல்லை, பாராளுமன்றத் தேர்தலிலும் ஓட்டு உண்டு. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் தேவையில்லை. தேசியக் காப்பீட்டு எண்ணை வைத்து ஆன்லைனில் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடலாம். கவுன்சிலராக நிற்பதற்குத்தான் நிரந்தர வசிப்புரிமை வேண்டும். பதிவு செய்வதால் விசாவுக்கு ஒன்றும் ஆகாது, அது உன் உரிமை.

ஜெனி: உண்மையாகவா? 2024 ஜூலைத் தேர்தலில் வாசலுக்கு வந்து கேட்டார்கள். உனக்கு ஓட்டு இல்லை என்று வீட்டில் கூட இருப்பவர்கள் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

டாக்டர் மாமா: உண்மைதான் மகளே. நான் இந்தியப் பாஸ்போர்ட்டோடு இங்கே பல தேர்தல்களில் ஓட்டுப் போட்டிருக்கிறேன். மெண்டிப் மாவட்டம் 1974-இல் பிறந்ததையும் பார்த்தேன், 2023-இல் மறைந்ததையும் பார்த்தேன். வி. கே. கிருஷ்ண மேனன் 1934-இலேயே லண்டன் செயின்ட் பாங்கிராஸில் கவுன்சிலர். அங்கே நூலகங்களுக்காக உழைத்தவர். நேருவின் அமைச்சர் என்றுதான் நம் ஊரில் அவரைத் தெரியும்.

ஜெனி: அப்படியானால் நாளைக்கே பதிவு செய்கிறேன். கூட இருக்கும் இரண்டு மலையாளிப் பெண்களிடமும் சொல்கிறேன்.

குகன் அண்ணா (கடை): சொல்லுங்கோ தங்கச்சி. நாங்கள் அகதியாக வந்து ஓட்டுக் கிடைத்த முதல் நாள் மனுசியும் நானும் கடையைப் பூட்டிவிட்டுப் போனோம்.

நிலா: எனக்கு 18 ஆகிவிட்டது, பட்டியலில் பெயர் இருக்கிறது. காலேஜ் கார்டு காட்டினால் போதுமா?

சிவா: போதாது. 2023 மே முதல் வாக்குச்சாவடியில் படத்தோடு அடையாளம் வேண்டும். பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் செல்லும். இந்தியப் பாஸ்போர்ட்டும் செல்லும். தாத்தாவின் முதியோர் பஸ் பாஸ் செல்லும். மாணவர் அட்டை செல்லாது.

நிலா: தாத்தா பஸ் பாஸ் செல்லும், என் கார்டு செல்லாதா? இது அநியாயம்.

ராணி அத்தை: உன் எல்-போர்டு லைசென்ஸ் இருக்கிறதே கண்ணு, அதைக் காட்டு. நாளைக்குக் கறுப்புக் குப்பைத் தொட்டியா?

பிரியா: இல்லை அத்தை, அது அடுத்த வாரம். நாளைக்கு மறுசுழற்சி நீலப் பை, பெட்டிகள், சாப்பாட்டுக் கழிவு மட்டும்.

ராணி அத்தை: மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்தால் எப்படித்தான் ஞாபகம் இருக்கும்.

சிவா: அது சோமர்செட் கவுன்சில் அத்தை, டவுன் கவுன்சில் இல்லை.

பிரியா: தெரியும்.

இரவு 9:03

டாக்டர் மாமா: ஒன்று யோசிக்க வேண்டும் சிவா. இடைத்தேர்தல் செலவு டவுன் கவுன்சில் தலையில்தான் விழும், அதாவது நம் வரியில். அந்தப் பணத்தில் கழிப்பறையைக் கொஞ்ச நாள் திறந்து வைக்கலாமே. தேர்தல் கேட்காமல், நம்மில் ஒருவர் நேராகக் கவுன்சிலுக்கு எழுதி அந்த இடத்தைக் கேட்டால் என்ன?

சிவா: அப்படிக் கேட்டால் முடிவு அவர்கள் கையில் மாமா. ஏற்கெனவே தெரிந்த முகத்தைத்தான் எடுப்பார்கள். தேர்தல் என்றால் வீடு வீடாகப் போகலாம், கழிப்பறையைப் பற்றி எல்லோரையும் பேச வைக்கலாம். பக்கத்து ஃப்ரூமைப் பாருங்கள். 2011-இல் கட்சி சாராத ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நின்று டவுன் கவுன்சிலின் 17 இடங்களில் 10-ஐப் பிடித்தார்கள். 2015-இல் 17-ம் அவர்களுக்கே. 2016-இல் ஊர் நடுவில் சமூக ஃப்ரிட்ஜ் வைத்தார்கள், மிச்ச உணவை யாரும் வைக்கலாம், யாரும் எடுக்கலாம். அவர்களுக்கு இருந்ததும் இதே அளவு அதிகாரம்தான்.

நிலா: நம்மவர்களிடம் மட்டும் ஏன் கையெழுத்துக் கேட்கிறோம்? சந்தையில் சீஸ் விற்கும் அம்மா, கதவு எண் 9-இல் இருக்கும் பாட்டி, எல்லோருக்கும்தானே கழிப்பறை வேண்டும்?

டாக்டர் மாமா: நல்ல கேள்வி.

குகன் அண்ணா (கடை): கல்லாப் பக்கத்தில் தாளை வைத்தால் ஒரு நாளில் பத்து வந்துவிடும். ஆனால் அந்த வார்டில் இருப்பவர்கள்தானா என்று பார்க்க வேண்டும்.

ரவி மாமா: கையெழுத்து வந்தால் வேட்பாளர் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ராணி அத்தை: மாலா நின்றால் நன்றாக இருக்கும். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்டிருக்கிறாள்.

ஜெனி: மாலா அக்கா 🙋‍♀️

பிரியா: எனக்கும் மாலா அக்காதான். ரவி மாமா கோபிக்கக் கூடாது.

ரவி மாமா: கோபம் இல்லை. ஆனால் அவளுக்கு ட்யூட்டி. கூட்டம் எல்லாம் மாலையில்.

சிவா: கூட்டத்துக்குக் கவுன்சிலர் மட்டும் போக வேண்டும் என்று இல்லை. பொதுமக்கள் யாரும் போய் உட்காரலாம், மூன்று முழு நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை ஒட்ட வேண்டும்.

டாக்டர் மாமா: அதற்கான 1960 சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் மார்கரெட் தாட்சர். பாராளுமன்றத்தில் அவருடைய முதல் பேச்சே அதுதான். அவருடைய மற்ற காரியங்கள் எனக்குப் பிடித்ததில்லை, இது பிடித்தது.

பிரியா: 2021-இல் எல்லோரும் பார்த்த அந்த ஹேண்ட்ஃபோர்த் ஊர்க் கவுன்சிலின் ஜூம் கூட்டம் மாதிரி சண்டை நடக்குமா?

குகன் அண்ணா (கடை): நடந்தால் கட்டாயம் வருவேன்.

சிவா: சரி, இப்படி வைத்துக்கொள்ளலாமா? சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஹாலில் தாளோடு நிற்கிறேன். பெயர், முகவரி, கையெழுத்து, தேதி. வாக்காளர் பட்டியலில் இருக்கும் அதே பெயர், அதே முகவரி. தேர்தல் வேண்டுமா, நேராகக் கேட்பதா என்பதை அப்போது பேசுவோம். பலகையில் உள்ள தேதியை யாராவது சரியாகப் பார்த்துச் சொல்லுங்கள், நாய் நோட்டீஸ் மறைத்திருக்கிறது.

டாக்டர் மாமா: நான் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. ஆனால் வருகிறேன்.

நிலா: காலையில் ஓடப் போகும்போது தேதியைப் பார்க்கிறேன்.

ரவி மாமா: நானும் வருகிறேன். அண்டா கராஜில்தான் இருக்கிறது. கொண்டு வருகிறேன்.

ராணி அத்தை: கழுவிக் கொண்டு வா.

வெள்ளி, காலை 7:50

மாலா அக்கா: இப்போதுதான் ட்யூட்டி முடிந்து எல்லாவற்றையும் படித்தேன். நிற்பேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லையே! வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அடுத்த மாத ட்யூட்டி லிஸ்ட் வரட்டும், வீட்டில் பேச வேண்டும். கழிப்பறை விஷயத்தில் நான் முழுவதும் ஜெனி பக்கம். கையெழுத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும், இரண்டு பேர். அதுவரை என் பெயரை வெளியில் சொல்ல வேண்டாம்.

குகன் அண்ணா (கடை): காலையில் பேப்பர் வாங்க வந்த மூன்று பேரிடம் சொல்லிவிட்டேன் அக்கா. மூன்று பேரும் நல்லது என்றார்கள்.